முத்துராஜின் சுவர்

குழந்தைசாமி சுவரில் எழுதிப் பிழைக்கிறவர். ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே ஓட்டுக் கேட்கிற கட்சிக்கும் அவர்தான் எழுதுவார், ஓட்டு வாங்கி ஏமாற்றிய கட்சிக்கும் அவர்தான். அதற்கெல்லாம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

ஐஸ் கம்பெனிச் சுவரில், முதலாளியின் சம்மதத்தோடு, முத்துராஜின் முகத்தை வரைந்தபோதுதான் ஊராட்சிக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. கடலுக்குப் போன முத்துராஜ் திரும்பவில்லை. எட்டாம் நாள் அதிகாரிகள் தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். முகத்துக்குக் கீழே ‘முத்துராஜ் எங்கே? தேடுங்கள்’ என்று எழுதியிருந்தார்.

கண்ணை மட்டும் வரையவில்லை. எந்த உருவத்துக்கும் கண்ணைக் கடைசியில் திறப்பதுதான் வழக்கம். அதற்காகப் பிரஷ்ஷை எடுத்தபோது முத்துராஜின் மனைவி சொர்ணவல்லி தடுத்துவிட்டாள்.

“அவுக வந்து நிக்கட்டும்ண்ணே, அப்பறம் தெறங்க. இப்பத் தெறந்தா செத்தவுக படமாயிரும்.”

புருஷன் போனதிலிருந்து அவள் அழவே இல்லை. அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். தினமும் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போவாள்.

பத்தாம் நாள் ஊராட்சிச் செயலர் செம்மல் வந்தார். “அனுமதி இல்லாம வரைஞ்சிருக்கீங்க. நீங்களே வெள்ளையடிச்சிருங்க, இல்லன்னா கேஸு.”

“கட்சிக்கு எழுதுனப்பக் கேக்கலையே சார்?”

“அது வேற, இது வேற.”

வேறதான். அது ஓட்டைக் கேட்டது, இது ஆளைக் கேட்கிறது.

குழந்தைசாமி ஒரு தந்திரம் செய்தார். முகத்தை வரைந்தது எனாமல் பெயிண்டில்; அதன் மேல் சுண்ணாம்பு நிற்காது. வெறும் சுண்ணாம்பைக் கரைத்து அடித்துவிட்டு, “மழைக்கு உதுந்துரும்மா. தம்பி தானா வெளிய வந்துரும்” என்று சொர்ணவல்லியிடம் சொன்னார். அவள் லேசாகச் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் உதிர்ந்தது. நெற்றி வந்தது, மீசை வந்தது. குழந்தைசாமி பார்க்கப் போனார். கண்ணுக்கு விட்டிருந்த இடம் பெயிண்ட் படாத வெறுஞ்சுவர். அங்கே மட்டும் சுண்ணாம்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. இரண்டு வெள்ளை விழிகள் கடலைப் பார்த்து வெறித்தன. முப்பது வருஷத் தொழிலில் இது புத்தியில் தட்டவில்லையே, பாவி!

சுரண்டினார். விரல் நகம் பெயர்ந்ததே தவிர விழி பெயரவில்லை.

பின்னால் சொர்ணவல்லி நின்றிருந்தாள். “யாருண்ணே தெறந்தது?”

செம்மலைச் சொல்லலாம், மழையைச் சொல்லலாம்.

“நாந்தாம்மா” என்றார்.

அவள் அந்தச் சுவரடியிலேயே உட்கார்ந்து, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.