கம்பத்தில் கட்டிய பேண்டேஜ் துணி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்தில் கிராமத்துப் பெண்களுக்குச் சோலார் வேலை கற்றுக்கொடுத்தார்கள். மம்சாபுரம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்க் கற்றேன். ஒயர் சீவுவது, பற்றவைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கம்பத்தில் ஏணி சாத்தி ஏறுவது எல்லாம் வந்தது. "பொம்பளைக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்டவர்கள் உண்டு. மில்லில் அறுந்த நூலை ஓடுகிற மிஷினிலேயே முடிந்த கை இது. ஒயரை முடியத் தெரியாதா, என்ன?

பயிற்சி முடிந்ததும் எங்கள் தெருமுனையில் ஒரு சோலார் விளக்கை நட்டு, பராமரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன் தாயி. வெளக்கு மக்கர் பண்ணுச்சுன்னா டவுன்லருந்து எலக்ட்ரீசியனக் கூட்டியாந்துருவேன். பொறவு வருத்தப்படக் கூடாது."

எனக்கு அந்த வேலை வேண்டும். மில்லுக்குத் திரும்பிப் போக மனமில்லை.

காக்கை எச்சம் விழுந்தால் கம்பத்து உச்சியிலுள்ள பேனல் சரியாக வேலை செய்யாது. அடிக்கடி ஏறித் துடைப்பேன். மார்கழியில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால், பொழுது சாய்ந்து செத்த நேரத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. பெட்டியைத் திறந்தேன். பேட்டரித் தண்ணீர் சரி, ஃபியூஸ் சரி, ஒயரிலும் குறையில்லை. "அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு" என்று ஒருவர் சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பேனல் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்கும். தெருவில் நின்றால் அதன் முதுகுதான் தெரியும். மறுநாள் காலையில் பெரியவரும் மற்றவர்களும் கூடி நிற்க, ஏணி சாத்தி ஏறினேன். மேலே போனால், பேனலின் முகம் முழுக்க வெள்ளைத் துணி! நாலாக மடித்து இழுத்துக் கட்டிய பேண்டேஜ் துணி. அந்த முடிச்சை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் பேண்டேஜ் கம்பெனியில் பேல் பேலாகத் துணிமூட்டை கட்டுகிறவர்.

குனிந்து பார்த்தேன். அவரும் கூட்டத்தில்தான் நின்றார்.

"என்னம்மா கோளாறு?" என்றார் பெரியவர்.

சொன்னால் என் வீட்டுக்காரர் மானம் போகும், சொல்லாவிட்டால் என் வேலை போகும்.

"நாந்தான் கட்டுனேன்" என்றார் அவரே. "எச்சம் விழலன்னா அவ ஏற வேண்டாம்லா. புண்ணுக்குக் கட்டுற துணி, காத்துப் போகுது, வெளிச்சமும் போகும்னு நெனச்சேன்."

"ஏலே, அவ ஏறுனா ஒனக்கு என்னலே?" என்று அதட்டினார் பெரியவர்.

"அவ ஏறும்போதெல்லாம் கீழ ஒரு கூட்டம் நின்னு அண்ணாந்து பாக்குது. நீங்களுந்தான் பாத்தீய."

ஏணியின் உச்சியில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் மேல் கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த இந்த மனுஷன் மேல் அதைவிடக் கோபம்.

"கட்டுறதுன்னா அவிய கண்ணுல கட்டியிருக்கணும்" என்று கத்தினேன். "என் பேனல்ல ஏன் கட்டுனீய?"

முதலில் தலையைக் குனிந்தவர் பெரியவர்தான். நான் முடிச்சை அவிழ்த்து, பேனலைத் துடைத்து, அவசரப்படாமல் இறங்கினேன்.

பொங்கல் வந்தது, போனது. டவுனிலிருந்து யாரும் வரவில்லை.