எனக்காக நின்ற போட்டுகள்

எதிர் வீட்டுக்காரர் இறந்துபோனது, அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருந்த பெயர்ச்சீட்டு மாறியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பதினோரு வருடம் படிக்கட்டில் எனக்கு 'மோர்கன்' என்று காலை வணக்கம் சொன்ன மனிதர். ஜெர்மனியில் இது ஒன்றும் அதிசயமில்லை. அந்த வாரமும் குப்பை வண்டி வந்தது, கீழே பேக்கரி திறந்தது, நானும் ரொட்டி வாங்கினேன்.

எங்கள் சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு போட்டும் கடலில் இறங்காது. செத்தவன் குடிகாரனா, ஊரோடு சண்டை போட்டவனா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பிழைப்பு கெட்ட எரிச்சலில் செத்தவர்களை நானே திட்டியிருக்கிறேன். கணையத்தில் கட்டி, ஒரு வருடம் தாண்டினால் அதிகம் என்று போன மாதம் டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. ஒரே ஒரு கவலைதான் இருந்தது. நான் இங்கே செத்தால் அங்கே எனக்காகப் போட்டு நிற்குமா? நோயைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன். இதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

விசா அட்டைக்காக எடுத்த புதுப் படத்தை ஒரு சாயங்காலம் தம்பிக்கு அனுப்பினேன். கை தவறி அது ஊர் வாட்ஸப் குரூப்புக்குப் போய்விட்டது. வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம், கீழே ஒரு எழுத்துகூட இல்லை. எங்கள் குரூப்பில் அப்படி ஒரு படம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலையில் ஸ்கேன் இருந்ததால் நான் போனை அணைத்துவிட்டேன். மறுநாள் ஸ்கேன் முடிந்து போனைப் போட்டதும் தம்பியின் அழைப்பு வந்தது.

"அண்ணே, உசுரோடதான் கீறியா?"

"கீறேன்டா."

"இன்னா வேல பண்ணிக்கினு கீற நீ? ஊரே கரையில குந்திகினு கீது. ஒரு போட்டு எறங்கல."

பக்கத்தில் நின்ற நர்ஸ், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். எனக்காக எங்கள் ஊரில் இன்று யாரும் வேலைக்குப் போகவில்லை என்றேன். "ஓ, பிறந்தநாளா? வாழ்த்துகள்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். 'டாங்க்கே' என்றேன். வேறென்ன சொல்வது?

இரண்டு நாள் கழித்துத் தம்பி மறுபடி கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"பஞ்சாயத்துல பேசிட்டாங்கண்ணே. ஒரு ஆளுக்கு ஒரு நாள்தானாம். உன்னுது முடிஞ்சிபோச்சாம். அப்பால நெஜமாவே ஒண்ணு ஆனா, போட்டு நிக்காதாம். கோவமாண்ணே?"

"இல்லடா. சரியாத்தான் சொல்லிகீறாங்க."

உண்மையிலேயே கோபமில்லை. சாகிறவன் யாரும் பார்க்கமுடியாத நாளை நான் இருந்து பார்த்துவிட்டேன். வலைத் தகராறில் பல வருடமாக என்னோடு பேசாத பங்காளிகூட 'நல்ல மனுசன்' என்று இரங்கல் போட்டிருந்தான். நான் உயிரோடிருப்பதாகத் தம்பி கீழே எழுதியதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. அடுத்த செய்தி அன்றைய வஞ்சிர விலை.

வியாழக்கிழமை பத்தரைக்கு டாக்டரைப் பார்க்கவேண்டும். ஊர் என்னை அடக்கம் செய்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. செத்துப்போகிற வேலை மட்டும் இங்கே பாக்கியிருக்கிறது.