செவலைக்குக் காய்ச்சல் வந்த நாள்

போன வருஷ மழைக்காலத்தில் எங்கள் சினைப் பசு ஒன்று தோல் கழலை நோயில் செத்துப்போனது. உடம்பெங்கும் கட்டிகள் தெரிந்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டிருந்தோம். சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய சந்தில், வீட்டுக்குப் பின்னால் நானும் என் நாத்தனாரும் மாடு வளர்க்கிறோம். இனி ஒன்றைக்கூட அப்படிப் பறிகொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மீதி மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டேன். கால்நடை டாக்டரம்மா சொன்ன கழுத்துப் பட்டையையும் வாங்கினேன். மாட்டின் உடல் சூட்டையும் அது அசை போடுவதையும் கவனித்து, ஏதாவது மாறினால் அந்தப் பட்டை என் போனுக்குச் செய்தி அனுப்பும்.

"இன்னா அண்ணி இது, நாய்க்குக் கட்ற மாதிரி? மாட்டப் பாத்தா நமக்குத் தெரியாதா?" என்றாள் நாத்தனார்.

ஒரு மதியம் தி. நகரில் என் பெண்ணுக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. செவலைப் பசு காலையிலிருந்து சரியாக அசை போடவில்லை, சூடு ஏறுகிறது என்று காட்டியது. உடனே வீட்டுக்குப் பேசினேன்.

"நல்லாத்தான் கீது அண்ணி. இப்பதான் தண்ணி குட்ச்சுது. மிஷினு கோளாறா இருக்கும்."

"இருக்கட்டும். அத்த அவுத்து முன்பக்கம் தனியாக் கட்டு. கைய கழுவாம மத்த மாட்டத் தொடாத."

துணியை அப்படியே கடையில் விட்டுவிட்டு மாம்பலத்தில் ரயில் ஏறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் செவலை சாதாரணமாகத்தான் நின்றது. எனக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் டாக்டரம்மாவை வரச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார், நல்ல காய்ச்சல். மறுநாள் காலையில் கழுத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் எழும்பியிருந்தன.

"ஊசி போட்டதால லேசாத்தான் வரும். முன்னாடியே பிரிச்சுக் கட்டினது நல்லதாப் போச்சு. ஆனா கொசுவும் ஈயும் பரப்பும். பக்கத்து மாடுங்களுக்கு ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

போடவில்லை. பக்கத்துச் சந்துப் பால்காரரிடம் நேராகப் போய்ச் சொன்னேன்.

"ஊசி போட்டா பால் குறையும்மா. நோயின்னு பேர் வந்தா வாடிக்கைக்காரங்க நின்னுடுவாங்க" என்றார்.

"என் மாட்டுக்கு வந்துகீதுன்னு நானே வாசக்கதவுல எழுதிப் போட்டுட்டேன் நைனா. எனக்கும் வாடிக்கை போகத்தான் போவுது. மாடு போனா அப்புறம் இன்னாத்த விக்கிறது?"

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பித் தன் மாடுகளைப் பார்த்தார். பிறகு, "டாக்டரம்மாவ இட்டுனு வா" என்றார்.

அன்று மாலையே அவருடைய மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். அதற்குள் ஒரு கன்றுக்கு நோய் தொற்றியிருந்தது. அது பிழைக்கவில்லை. மாநகராட்சி வண்டியில் அதை ஏற்றும்போது, என்ன சொல்வாரோ என்ற பயத்தோடு போய் நின்றேன்.

"ஊசி போடாம இன்னும் ரெண்டு நாள் வுட்ருந்தா மொத்தமும் பூட்டிருக்கும்மா" என்றார்.

செவலை தேறிவிட்டது. தோலில் தழும்புகள் இருக்கின்றன, பழைய அளவுக்குப் பால் இல்லை. எங்கள் மற்ற மாடுகள் ஒன்றுக்கும் நோய் வரவில்லை. நின்ற வாடிக்கைக்காரர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. புதியவர்களைத் தேடி அடையாறு வரை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த மழைக்கு முன் எங்கள் கொட்டகைக்கும் பால்காரர் கொட்டகைக்கும் சேர்த்துக் கொசுவலை அடித்துவிடப் போகிறோம்.