செயற்கைக்கோள் பார்த்த எங்கள் வீடு

உழவர்கரையில் இருக்கிற என் வீடு மூழ்கப்போவதை வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் முன்கூட்டியே பார்த்துவிட்டது என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய ஆள் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என் மனைவியின் தம்பிக்கு மேப் போடுகிற வேலை. மழை வந்தால் ஊரில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று, மேலிருந்து எடுத்த படங்களை ஏஐக்குக் காட்டிக் கண்டுபிடிப்பார்களாம். புயல் புயல் என்று டிவி அலறிக்கொண்டிருந்த ஒரு காலையில், அரைகுறையாக முடிந்த மேப்பை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தெருவில் எல்லா வீடும் சாம்பல் நிறம். என் வீடு மட்டும் நீலம். நீலம் என்றால் தண்ணீர் என்று ஓரத்தில் போட்டிருந்தது.

மனைவி கீழே முன் அறையில் தையல் தைக்கிறாள். மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பட்டு ஜாக்கெட்டுகள் அங்கேதான் தொங்கின. அத்தனையையும் அள்ளிக்கொண்டு மாடி அறைக்கு ஓடினேன். பின்னாலேயே மிக்ஸி, கேஸ் சிலிண்டர், ஏனோ ஒரு துடைப்பம்.

"ஏங்க, தெருவே மூழ்காம நம்ம வூடு மட்டும் எப்படிங்க மூழ்கும்? தண்ணி அட்ரஸ் கேட்டுக்கிட்டா வருது?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுடி!"

"அப்ப சிலிண்டரையும் அதையே வந்து தூக்கச் சொல்லுங்க."

இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் மச்சானுக்குப் போன் போடத் தோன்றியது. சிரித்தே என்னைக் கொன்றான்.

"அய்யோ மாமா! மாடி ரூம் ஒழுகுதுன்னு மேல நீலத் தார்ப்பாய் விரிச்சிருக்கீங்கல்ல, அதைக் குளம்னு நெனச்சிடுச்சு. இந்த மாதிரி தப்பு எங்க இருக்குன்னு சொல்வீங்கன்னுதான் அனுப்புனேன்."

வந்ததே எனக்கு எரிச்சல்! வரி கட்டிக் குடியிருக்கிற வீட்டைக் குளம் என்று சொல்ல அது யார்? ஏணி போட்டு ஏறி, தார்ப்பாயை உருவிக் கீழே எறிந்தேன். பிடித்திருந்த இடுப்பு அப்போது மட்டும் வலிக்கவில்லை. "இப்பப் பாரு" என்று வானத்தைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினேன்.

இறங்கி வந்ததும் வலி திரும்பிவிட்டது. "ஜாக்கெட்டெல்லாம் மேலயே பத்திரமா இருக்கட்டும், காலையில எடுத்துக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். தார்ப்பாய் விஷயத்தைச் சொல்லவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது, வாசற்படியைத் தாண்டவில்லை. கீழே தரை காய்ந்து கிடந்தது. மாடி அறை ஒழுகி ஜாக்கெட்டுகள் அத்தனையும் நனைந்தன. சிவப்புப் பட்டின் சாயம் மஞ்சளில் இறங்கியிருந்தது. காலையில் கல்யாண வீட்டுக்குப் போய் அதைச் சொன்னது நான்தான்.