கடைசி வரை பார்த்தவர்

“மன்னிச்சுக்குங்கண்ணே, ஆபீஸ் வேலை” என்று திரையில் நிற்கும் காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் கத்தியை ஓங்கப் பார்ப்பார். சொல்லி முடிப்பதற்குள் காவலாளி இவரை வெட்டிச் சாய்த்துவிடுவான். “ச்சே, பேசிக்கிட்டு இருக்கும்போதேவா!” என்று மனம் நொந்துபோவார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

வீடியோ விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, எந்த வயதுக்காரர் ஆடலாம் என்று முத்திரை குத்தும் அரசாங்க உத்தியோகம். அலுவலகத்தில் அவர் பெயர் மன்னிப்பு சார். எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கி வழிவிடுகிற மனுஷரை இந்த நாற்காலியில் உட்காரவைத்த புண்ணியவான் யாரோ!

சென்ற முறை வந்த விளையாட்டில் கோட்டை வாசலையே தாண்ட முடியவில்லை. உறைமேல் ‘தலை சீவும் விளையாட்டு’ என்று போட்டிருந்ததைப் படித்தார். ‘சுத்தம் கற்பிக்கிறது. குழந்தைகளும் ஆடலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உள்ளே சீவியது சீப்பு அல்ல, வாள். பெற்றோர்கள் திரண்டு வந்து கத்தித் தீர்த்தார்கள்.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். “இந்தத் தடவை கடைசி வரைக்கும் பாக்கலேன்னா உங்கள மீன்வளத் துறைக்கு மாத்திருவேன்.”

துறைமுகத்தில், மீன் வெட்டும் கூடத்துக்கு மேற்பார்வை. கேட்டதுமே பாவம், அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

வந்திருப்பது அதே விளையாட்டின் இரண்டாம் பாகம். இன்று மாலைதான் கெடு. மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, அவர் விடாமல் செத்துக்கொண்டே இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “குடுங்க இப்படி” என்று கருவியைப் பிடுங்கினாள். காவலாளி விழுந்தான். அவன் கூட்டாளிகளும் வரிசையாக விழுந்தார்கள். வீட்டில் கரப்பான்பூச்சி அடிக்கிற அதே கை, அதே முகம்.

“பாத்து, பாத்து! அவருக்கும் குடும்பம் இருக்கும்!”

“எனக்கும்தான் இருக்கு. மீன் நாத்தத்தோட நீங்க வீட்டுக்கு வர வேணாம்.”

கோட்டையின் உச்சியில் அரசன் ஒருவன்தான் மிச்சம். மாமியாராகிவிட்டவள்தான் அவள், ஆனாலும் ஒரு பெண்பிள்ளை பார்க்கிற காட்சியா இது என்று பதறி, ஒரு கையால் அவள் கண்களைப் பொத்தினார். இன்னொரு கையால் தன் கண்களை. அவள் குத்துமதிப்பாகப் பொத்தான்களை அழுத்தித் தள்ளினாள். யாரோ அலறினார்கள். வெற்றி இசை முழங்கியது.

“முடிஞ்சுதா?”

“எனக்கென்ன தெரியும்? மொதல்ல கைய எடுங்க!”

தன் முகத்திலிருந்த கையை மட்டும் எடுத்தார். கண்களை இறுக மூடியபடியே மேசையைத் தடவி, முத்திரையைத் தேடிப் பிடித்து, ஓங்கிக் குத்தினார்.