மாடி வீட்டு ஆங்கிலப் பாடம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

சிம்மக்கல்லில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஓர் ஆங்கில ஆசிரியை வாடகைக்கு இருக்கிறார். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. பேசத் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைப்பது அவர் வழக்கம்.

வெளிநாட்டினர் வந்து மாதக்கணக்கில் தங்கத் தொடங்கியபின் எங்கள் தெருவில் வாடகை மூன்று மடங்காகிவிட்டது. வீட்டுக்காரரும் ஆசிரியையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைக்காரரை அழைத்துவந்தார். தமக்கு ஆங்கிலம் தெரியாததால் ஆசிரியையிடமே, "டீச்சர், வீட்டப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க" என்றார்.

ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கூறியது எனக்குப் புரிந்தது. "உரிமையாளர் தந்தையைப் போன்றவர். இரவு ஒன்பதுக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுவார். யார் வந்தாலும் விசாரிப்பார். குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கத் தினமும் உள்ளே வருவார். முட்டை வாசனை அவருக்கு ஆகாது."

அத்தனையும் உண்மை. வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் "எஸ், எஸ்" என்று பெருமையுடன் தலையசைத்தார். கும்பிட்டுவிட்டுப் போன வெள்ளைக்காரர் திரும்பி வரவில்லை.

"இம்புட்டு நேரம் என்ன டீச்சர் சொன்னீக?"

"உள்ளதத்தாண்ணே சொன்னேன்."

அடுத்து வீடு பார்க்க வருபவரிடம் தாமே பேசிவிடுவதென்று வீட்டுக்காரர் தீர்மானித்தார். வெளியில் கற்றால் கட்டணம் கேட்பார்கள் என்பதால் ஆசிரியையிடமே மாணவரானார். பாடம் முடியும்வரை ஆசிரியை மாடியிலேயே இருக்கலாம் என்பது ஏற்பாடு. ஓராண்டாகியும் பாடம் எழுத்துகளைத் தாண்டவில்லை. இத்துணைப் பொறுமையாகக் கற்பிப்பவரை நான் கண்டதில்லை.

எங்கள் தெருவைப் பற்றிய இக்குறிப்பைத் தங்கள் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.