ஊதாத சங்கு

என் வீட்டுக்காரர், மகன், நான். இன்று காலை வீட்டில் இருந்தது மூன்று பேர். மகனுக்குக் கல்லூரியில் பரீட்சை. அவன் செல்போனில் அலாரம் அடித்தது. பழைய மில் சங்கு மாதிரியே இருந்தது. தோசைக்கரண்டியோடு நின்றுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் முதலியார்பேட்டை வீட்டில் எங்களுக்குக் கடிகாரம் கிடையாது. அப்பா வேலை செய்த மில்லின் சங்குதான் நேரம் சொல்லும். அண்ணன் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தான். தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

கடைசிப் பரீட்சை அன்று தலை சீவி, பேனாவைச் சட்டையில் செருகி உட்கார்ந்திருந்தான். ஒன்பது மணிச் சங்கு ஊதினால் கிளம்ப வேண்டும்.

"நேரமாயிடுச்சோம்மா?"

"சங்கு ஊதலையேடா. இன்னொரு தோசை துன்னு."

ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்த அப்பா சைக்கிளில் வேகமாக வந்தார்.

"டேய், இன்னும் போவலியா? விடிகாலையிலேருந்து மில்லு ஸ்டிரைக்குடா! சங்கு எங்கேருந்து ஊதும்? பின்னால ஏறு!"

அப்பாவே மிதித்தார். அப்படியும் பரீட்சை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனால் கடைசிக் கேள்வியை எழுத முடியவில்லை.

"எதைடா உட்டுட்ட?" என்று அப்பா கேட்டார்.

"தொழிலாளர் வேலைநிறுத்தம்பா."

"அதுக்குக்கூடவா பாடம் வச்சிருக்கான்?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. முடிவு வரும்வரை அவர் அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இதை மகனிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"மாமா பாஸாம்மா?"

தேற நாற்பது மார்க் வேண்டும். அண்ணன் வாங்கியது நாற்பத்திரண்டு.